நிதான நகரத்தில் படபடக்கும் நெஞ்சு

மைசூருவைப் 'பென்ஷன்காரர்களின் சொர்க்கம்' என்று சொல்வது பழைய வழக்கம். சென்னையிலோ பெங்களூருவிலோ முப்பது வருஷம் ஃபைல்களோடும் பஸ் நெரிசலோடும் மல்லுக்கட்டியவர்கள், பணி ஓய்வு பெற்றதும் இங்கே ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடை, பிறகு ஒரு டம்ளர் காபி, பேப்பர், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம். அகலமான சாலைகள், மர நிழல், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் சாமுண்டி மலை. இந்த ஊரில் யாருக்காவது நெஞ்சு படபடக்குமா என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும்.

படபடக்கிறது. அதற்கு எழுத்து மூலமான சாட்சியும் இந்த ஊரிலேயே இருக்கிறது.

மண்டி மொகல்லாவில் இருக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை ஊர்க்காரர்களுக்கு 'மிஷன் ஆஸ்பத்திரி'. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று மெதடிஸ்ட் மிஷனரிகள் தொடங்கியது. அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் 1934 முதல் பிரசவப் பதிவேடுகளில் ஒழுங்காக எழுதிவைத்தார்கள். பழைய பேப்பர்காரனுக்குப் போயிருக்க வேண்டிய அந்தப் பதிவேடுகளுக்கு அரை நூற்றாண்டு கழித்து மவுசு வந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த ஆய்வாளர்களும் மைசூரு டாக்டர்களும் சேர்ந்து, 1934க்கும் 1954க்கும் இடையில் அங்கே பிறந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வசித்துவந்த 517 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். முடிவு 1996இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆண்களில் 9 சதவீதம் பேருக்கும் பெண்களில் 11 சதவீதம் பேருக்கும் இதய ரத்தக்குழாய் நோய். பிறந்தபோது மூன்று கிலோவைத் தாண்டியிருந்தவர்களிடையே அது 3 சதவீதம்தான். இரண்டரை கிலோவோ அதற்கும் குறைவாகவோ இருந்தவர்களிடையே 11 சதவீதம். குழந்தையின் எடையும் குறைந்து, கர்ப்ப காலத்தில் தாயும் 45 கிலோவைத் தொடாதவளாக இருந்திருந்தால் 20 சதவீதம்.

இந்த ஆய்வில் யாருடைய கவலையையும் யாரும் அளக்கவில்லை. ஆனால் வயிற்றில் இருக்கும்போது உடம்பு பட்ட சிரமத்தை அது நாற்பது, ஐம்பது வயதிலும் மறப்பதில்லை என்பது தெரிந்தது. அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது. அப்படிப் பிறந்த குழந்தை, வாழ்க்கையின் நெருக்கடிகளை எப்படித் தாங்கும்?

அதற்கும் இதே ஆஸ்பத்திரியில்தான் ஒரு பதில் கிடைத்தது. 1997-98இல் இங்கே பிரசவத்துக்குப் பதிவு செய்துகொண்ட கர்ப்பிணிகளுக்கு ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்து, பிறந்த குழந்தைகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயது கடந்ததும் அவர்களில் இருநூற்றுச் சொச்சம் பேரை அழைத்து, முன்பின் தெரியாத இரண்டு பேர் முன்னால் நிறுத்தி, ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். அது முடிந்ததும் ஐந்து நிமிஷம் மனக்கணக்கு. உள்ளங்கை வியர்ப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. கர்ப்பத்தின்போது சர்க்கரை நோய் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ரத்த அழுத்தமும் இதயத்தின் உழைப்பும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக ஏறின. அப்படிப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவுதான். இதை வைத்து யாருக்கும் ஜாதகம் கணிக்க முடியாது. ஆனாலும் ஒரே கணக்கு வாத்தியாருக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளின் நெஞ்சு ஒரே மாதிரி அடித்துக்கொள்வதில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 'எனக்கு மட்டும் டென்ஷன் இல்லையா, நான் சமாளிக்கவில்லையா?' என்று அடுத்தவரைப் பார்த்துக் கேட்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இந்த 'டென்ஷன்' என்ற சொல்லை வைத்தே தமிழில் ஒரு குழப்பம் இருக்கிறது. 'ஸ்ட்ரெஸ்' என்பதையும் 'மன அழுத்தம்' என்று எழுதுகிறார்கள், 'டிப்ரஷன்' என்பதையும் 'மன அழுத்தம்' என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. முன்னது தலைமேல் ஏறிய பாரம். பின்னது தனியே சிகிச்சை வேண்டியிருக்கும் நோய். ஒரே சொல்லால் குறிப்பதால், நோயாளியிடம் 'நாலு நாள் லீவு போட்டு ஊட்டிக்குப் போய்விட்டு வா' என்று சொல்லிவிடுகிறார்கள். பாரம் சுமப்பவரோ 'எனக்கென்ன பைத்தியமா?' என்று டாக்டரிடம் போகாமலே இருந்துவிடுகிறார். முன்னதை மன உளைச்சல் என்றும் பின்னதை மனச்சோர்வு என்றும் பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

இதில் தமிழர்கள் மட்டும் தடுமாறவில்லை. இந்தச் சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவரே தடுமாறியவர்தான். வியன்னாவில் பிறந்து கனடாவின் மாண்ட்ரீலில் வேலை பார்த்த ஹான்ஸ் செல்யே, 1936இல் எலிகளைக் குளிரில் வைத்தும் ஓட வைத்தும் மருந்துகளால் வாட்டியும் பார்த்தார். துன்பம் எதுவானாலும் விளைவு ஒன்றாக இருந்தது. அட்ரீனல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்பு உறுப்புகள் சுருங்கின, இரைப்பையில் புண் வந்தது. இதற்கு 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர் வைத்தார். பௌதிகத்தில் அந்தச் சொல் ஒரு பொருளின்மேல் விழும் விசையைக் குறிக்கும். அதனால் பொருளில் ஏற்படும் திரிபுக்கு 'ஸ்ட்ரெய்ன்' என்று பெயர். தன் ஆங்கிலம் இன்னும் நன்றாக இருந்திருந்தால் இரண்டாவது சொல்லைத்தான் எடுத்திருப்பேன் என்று செல்யே பிற்காலத்தில் வருத்தப்பட்டார்.

எலிக்கு வந்த புண்ணைப் பார்த்து, மனிதர்களின் வயிற்றுப் புண்ணுக்கும் கவலையே காரணம் என்று டாக்டர்கள் பல காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் அதற்கு ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். 2005இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார்கள். காரணம் தெரியாத வியாதிக்கெல்லாம் மனதைக் குற்றம் சொல்வது சோம்பேறித்தனம். அதற்காக மனது நிரபராதி என்று விடுதலை செய்துவிடவும் முடியாது.

நடப்பது இதுதான். தெருநாய் துரத்தினால் மூளையின் கட்டளையில், சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் வேலையை ஆரம்பிக்கும். முதலில் அட்ரினலின், பின்னாலேயே கார்ட்டிசால். இதயம் வேகமெடுக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், செரிமானம் தள்ளிப் போடப்படும். நாய் போனதும் எல்லாம் அடங்கிவிடும். உயிரைக் காப்பாற்றும் அருமையான ஏற்பாடு. நாய் போகவே போகாது என்றால்தான் சிக்கல். வீட்டுக் கடன் தவணையும், குறை சொல்லியே வேலை வாங்கும் அதிகாரியும், படுத்த படுக்கையான மாமியாரும் ஐந்து நிமிஷத்தில் தெருமுனையைத் தாண்டிப் போய்விடுபவர்கள் அல்லர். காலையில் ஏறி இரவில் இறங்க வேண்டிய கார்ட்டிசாலின் தாளம் தப்புகிறது. ஓடுவதற்காக ஏற்றிய சர்க்கரை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் ரத்தத்தில் தங்குகிறது. கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் ஓயாத வேகத்தில் தேய்கிறது. தூக்கம் கெடுகிறது. கெட்ட தூக்கத்தைச் சமாளிக்கக் கூடுதலாக இரண்டு காபி, ஒரு சிகரெட். உணர்ச்சி உடம்பில் தெரிவதற்குத் தொல்காப்பியர் 'மெய்ப்பாடு' என்று பெயர் வைத்து, எட்டு வகையாகப் பிரித்தார். இது வெளியே தெரியாத மெய்ப்பாடு. தெரியும்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

52 நாடுகளில் சுமார் 15,000 மாரடைப்பு நோயாளிகளை, அதே அளவு ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004இல் வெளியானது. தலைமை தாங்கியவர் கேரளத்தில் பிறந்து பெங்களூருவில் மருத்துவம் படித்த சலீம் யூசுப். மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணங்களில், புகைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பக்கத்தில், மனமும் சூழலும் தரும் நெருக்கடிகளுக்கும் இடம் கிடைத்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னதாக, ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது என்பதும் அந்த ஆய்விலிருந்தே தெரிய வந்தது.

மன உளைச்சல் என்றால் பெரிய அதிகாரிகளின் வியாதி என்று ஒரு நினைப்பு உண்டு. ஏ.சி. அறை, மூன்று போன், கையில் மாத்திரை டப்பா. லண்டனில் 1967இல் தொடங்கி, அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த பதினெட்டாயிரம் ஆண்களை வருஷக்கணக்கில் தொடர்ந்தபோது கிடைத்த படம் இதற்கு நேர் எதிரானது. உச்சாணிக் கொம்பில் இருந்தவர்களைவிடக் கடைநிலை ஊழியர்கள் சாகும் விகிதம் மூன்று மடங்காக இருந்தது. சிகரெட், ரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. மிச்சத்துக்கு மைக்கேல் மார்மட்டும் அவருடைய சகாக்களும் சொன்ன முக்கியக் காரணம், தன் வேலைமீது தனக்கு அதிகாரம் இல்லாமை. வேலை அதிகம் என்பதைவிட, வேலை அதிகமாக இருந்தும் அதில் எதையும் தீர்மானிக்கும் உரிமை இல்லை என்பதே நெஞ்சைத் தின்கிறது.

மைசூருவில் இதைப் பார்க்க அலுவலகங்களுக்குப் போக வேண்டியதில்லை. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த ஊதுபத்தியைப் பல காலமாக வீடுகளில் உட்கார்ந்து உருட்டியவர்கள் பெண்கள். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. மாவையும் குச்சியையும் கொடுப்பவர் வேறு, விலை வைப்பவர் வேறு. இன்று எத்தனை ஆயிரம் உருட்டினால் பள்ளிக்கூடப் பீஸ் கட்டலாம் என்ற கணக்கு மட்டும் அவளுடையது. உலகத்துக்கே மனதை அமைதிப்படுத்தும் வாசனையை அனுப்பிவைப்பவளின் மனதை எந்த ஆய்வாளரும் வரிசையில் நிற்க வைத்து அளப்பதில்லை.

ஊரின் இன்னொரு கோடியில் காலையில் சாமுண்டி எக்ஸ்பிரஸ் பெங்களூருவுக்குக் கிளம்புகிறது. அதில் சீசன் டிக்கெட்டோடு தினமும் போய் வருபவர்கள் உண்டு. போக 140 கிலோமீட்டர், வர 140 கிலோமீட்டர். அப்படி ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். நாற்பத்தெட்டு வயது, மூன்று தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம், பதவி உயர்வோடு பெங்களூரு மாற்றல். மகள் கல்லூரியில், அம்மா படுக்கையில், வீட்டுக் கடனில் இன்னும் பதினோரு வருஷம். "ஏங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எதுக்கு எழுந்து உட்கார்ந்தீங்க?" என்று மனைவி கேட்டால், "ஒண்ணுமில்லை, தண்ணி தாகம்" என்பார். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த மனைவி அவரைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்திருப்பவள். டிபன் டப்பா கட்டி அனுப்பிவிட்டு, நாளெல்லாம் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பவள். அவளுக்கு சீசன் டிக்கெட் இல்லாததால் அவள் கஷ்டம் கணக்கில் வருவதில்லை. 1995இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற ஆய்வாளர், மறதி நோய் கண்ட உறவினரைக் கவனித்துக்கொள்ளும் பதின்மூன்று பெண்களின் கையில், மரத்துப்போகச் செய்து, மிளகை விடச் சின்னதாக ஒரு காயம் போட்டார். அதே வயதுள்ள, அந்தப் பொறுப்பு இல்லாத பதின்மூன்று பெண்களுக்கும் போட்டார். பராமரிக்கும் பெண்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. 2004இல் எலிசா எப்பெலும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்னும், நெடுநாள் நோயுள்ள குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்களின் ரத்த அணுக்களை ஆராய்ந்தார்கள். மிக அதிக உளைச்சலை உணர்ந்தவர்களின் அணுக்கள், குறைவாக உணர்ந்தவர்களுடையதைவிடக் குறைந்தது பத்து வருஷம் மூத்தவைபோல் தோன்றின. 'அவ பாவம், சீக்கிரமே தளர்ந்துட்டா' என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் பேச்சில்லை.

இப்படிப்பட்ட நாட்டில்தான் 2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி சொன்னார். அவர் பொறியியல் படித்தது இதே மைசூருவில். தேசம் முன்னேற வேண்டும் என்ற அவருடைய ஆசையில் சந்தேகமில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கு வேறு திசையைக் காட்டுகிறது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். அவர் உதாரணம் காட்டிய ஜப்பானில் அதிக வேலையால் சாவதற்கென்றே 'கரோஷி' என்று ஒரு சொல் இருக்கிறது. தன் கம்பெனிக்குத் தானே உழைக்கும் முதலாளியின் 70 மணி நேரமும், அடுத்த வாரம் வேலை இருக்குமா என்று தெரியாதவனின் 70 மணி நேரமும் ஒன்றல்ல என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

சரி, என்னதான் செய்வது? மைசூருவில் இந்தக் கேள்விக்கு உடனே யோகா என்று பதில் வரும். நியாயமான பதில்தான். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சார்யாதான் பின்னால் சென்னைக்கு வந்து நூறு வயது வாழ்ந்தவர். அவருடைய சீடர் பட்டாபி ஜோயிஸின் புகழால் இன்றும் வெளிநாட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோகுலம் பகுதியில் வந்து இறங்குகிறார்கள். யோகா ரத்த அழுத்தத்தை ஓரளவு குறைக்கிறது. ஆனால் காலையில் அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி, மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் பழைய வாழ்க்கை என்றால் ஓட்டை அண்டாவில் தண்ணீர் நிரப்புகிற கதை.

வாழ்க்கையையே மாற்றிப் பார்த்த ஒரு சோதனை உண்டு. டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க டாக்டர் 1990இல் வெளியிட்டது. அவருடைய குரு, கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969இல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்த அதே தாடிக்காரர். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 48 பேரில் ஒரு பகுதியினருக்குக் கொழுப்பு மிகக் குறைந்த சைவச் சாப்பாடு, புகைக்குத் தடை, நடை, யோகாசனம், இவற்றோடு கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஒரு குழு. ஒரு வருஷத்தில் இவர்களுடைய அடைப்பு சற்றே குறைந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்குக் கூடியது. சோதனை சிறியது, இதில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. பிரிக்க முடியாததே அதன் விசேஷம் என்றும் கொள்ளலாம். மனம்விட்டுப் பேசுவதை மருந்துச் சீட்டில் எழுதிய டாக்டர்கள் அப்போது அதிகம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு யாரும் இதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சாமுண்டி எக்ஸ்பிரஸ் பயணி என்ன மாற்ற முடியும்? முதலில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளலாம். கொதிப்பு வலிக்காது, பார்த்தால்தான் தெரியும். பதவி உயர்வை விட்டுக்கொடுத்துவிட்டு மைசூருவுக்கே மாற்றல் கேட்கலாம். சம்பளத்தில் சில ஆயிரம் குறையும். உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்பார்கள். மகளின் படிப்புக்கு என்ன வழி என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக இருட்டில் போடாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவருமாகப் போடுவதே பெரிய மாறுதல். அண்ணன் தம்பிகள் அம்மாவை மாதத்தில் பத்து நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது சண்டையில் முடியலாம். கேட்காமல் இருப்பது அந்தப் பெண்ணின் உடம்பில் முடியும். யாரிடமும் பேச முடியாத நிலை வந்தால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண் இருக்கிறது. 2022இல் மத்திய அரசு தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

ஊதுபத்தி உருட்டும் பெண்ணிடம் 'வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவளுக்குக் கூலி மாற வேண்டும். தனி மனிதர்களால் ஆகாததை ஊர் செய்ததற்கும் மைசூருவில் உதாரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிளேக் வந்தபோது, நன்றாகக் கை கழுவுங்கள் என்று உபதேசம் செய்வதோடு சமஸ்தானம் நின்றுவிடவில்லை. 1903இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டை ஏற்படுத்தி, நெரிசலான பகுதிகளைப் பிரித்து, புதிய குடியிருப்புகளையும் சாலைகளையும் போட்டார்கள். பென்ஷன்காரர்கள் தேடி வரும் காற்றோட்டம் அப்படி வந்ததுதான்.

மிஷன் ஆஸ்பத்திரியில் 1997-98இல் பிறந்து, பின்னாளில் அந்நியர்கள் முன்னால் நின்று மனக்கணக்குப் போட்ட பிள்ளைகள் இப்போது இருபதுகளின் கடைசியில் இருக்கிறார்கள். வேலை, கல்யாணம், கடன் எல்லாம் வந்து சேரும் வயது. அவர்களில் பெண்கள் கருத்தரித்து வந்து நிற்கும்போது, கூட வரும் மாமியாரிடமும் கணவனிடமும் டாக்டர் சர்க்கரைப் பரிசோதனையை மட்டும் கேட்டால் போதாது. இவள் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்றும் கேட்க வேண்டும்.